உங்கள் நாயகி என்ன நிறம்? தொடர்கதை, ஃபேன் ஃபிக்ஷன், ஃபேன் ஆர்ட் செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சித் தோப்பு, திருப்பூர் பனியன் கம்பெனி, கோபி வாய்க்கால் கரை, ஈரோட்டு மஞ்சள் மண்டி என்று நம்ம ஊரைத்தான் எழுதுகிறோம். பேச்சும் ஏனுங், வாங்க, அம்மிணி என்று அசல் கொங்குப் பேச்சாகவே வருகிறது. ஆனால் நாயகி மட்டும் முதல் அத்தியாயத்திலேயே பால் வண்ண மேனியோடும் ரோஜாக் கன்னத்தோடும் வந்து நிற்கிறாள். அவளுடைய அப்பாரு, ஆத்தா, அத்தை, தோழி எல்லோரும் மாநிறமாகவோ கருப்பாகவோ இருக்கும்போது இவள் மட்டும் எப்படி இப்படி என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எழுதுகிற கைக்கும் படிக்கிற கண்ணுக்கும் அது பழகிவிட்டது.

இதைப் புரிந்துகொண்ட சிலர் நிறத்தைப் பற்றியே பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் எதுவும் மாறுவதில்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை வாசகர் வெளுப்பாலேயே நிரப்பிக்கொள்வார், சில நேரம் தெளிவாகச் சொன்னாலும் அப்படியே செய்வார். 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவல் 2008-ல் வந்தது. அதில் ரூ என்ற சிறுமிக்கு அடர் பழுப்புத் தோல் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 2012-ல் படம் வந்து, அமாண்ட்லா ஸ்டென்பெர்க் என்ற கருப்பினச் சிறுமி அந்த வேடத்தில் தெரிந்ததும், புத்தகத்தின் ரசிகர்களிலேயே ஒரு கூட்டம் ட்விட்டரில் கொதித்தது. படிக்கும்போது அந்தக் குழந்தைக்காக அழுதவர்களும் அதில் இருந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், நிறத்தை எழுதுங்கள், சீக்கிரம் எழுதுங்கள், ஒரு முறையோடு விட்டுவிடாமல் எழுதுங்கள், ஆசையோடும் மரியாதையோடும் எழுதுங்கள். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: ஏற்கெனவே எழுதியதைத் தேடிப் பாருங்கள்

உங்கள் கதைக் கோப்பைத் திறந்து நிறச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வெள்ளை, வெண்மை, சிவந்த, பால், சந்தன, எலுமிச்சை, கோதுமை, மாநிறம், கருப்பு, கறுத்த, கன்னங்கரேல், 'கலர்'. எந்தச் சொல் யாருக்கு விழுந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஆசிரியராக நீங்கள் சொன்னதா, பாத்திரம் வாய்விட்டுச் சொன்னதா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள், அது முக்கியம்.

பெரும்பாலான கதைகளில் தாளில் தெரிவது ஒரே வரிசைதான். நாயகி சிவப்பு, தோழி மாநிறம், அடியாள் கன்னங்கரேல், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா கறுத்த உருவம். அதாவது ஒருவர் நல்லவரா கெட்டவரா, முதலாளியா கூலியா என்று நீங்கள் சம்பவத்தால் காட்ட வேண்டியதைத் தோல் காட்டிக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் நிறப் பேச்சுக்கு அடியில் வேலையும் சாதியும் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். வெயிலில் நின்று வேலை செய்யாத குடும்பம் என்பதை நேரடியாகச் சொல்லக் கூசுகிறவர்கள் 'நல்ல கலருங்க' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வேலையைத்தான் உங்கள் வர்ணனையும் செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் அந்த வரியை அடித்துவிட்டு, அடியாளை அவன் செய்கிற காரியத்தால் பயங்கரமாக்குங்கள்.

படி 2: 'நம் மரபே அப்படித்தான்' என்பதை நம்பாதீர்கள்

வெளுப்புதான் அழகு என்பது ஆதியிலிருந்து வந்தது என்று நிறையப் பேர் சாதிப்பார்கள். சங்க அகப்பாடல்களைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கிறது. குறுந்தொகையின் 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் பாடுகிற தலைவி, தலைவனுக்கும் ஆகாமல் தனக்கும் ஆகாமல் பசலை வந்து தின்னப்போகிறதே என்று கவலைப்படுவது தன் மாமைக் கவினை நினைத்துத்தான், அந்தக் கருமை கலந்த அழகை நினைத்துத்தான். பசலை என்பது காதல் நோயில் மேனி வெளிறிப்போவது, அங்கே அது இழப்பு. திருக்குறளிலும் 119-ஆம் அதிகாரம் முழுக்க அந்த வெளிறலைப் பற்றிய புலம்பல்தான்.

பிறகு நிறைய நடந்தது, அது ஒரே காரணத்தால் வந்ததில்லை. ஆனால் நாம் கண்ணால் பார்த்த ஒன்று, 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி. இரண்டு தலைமுறைப் பெண்கள் அந்த டியூபைப் பிதுக்கி வளர்ந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகம் முழுக்க எழுந்த கேள்விகளுக்கு நடுவே, 2020-ல் பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். இதற்கு எதிரான குரலும் நம் பக்கமிருந்தே வந்தது, சென்னையில் 2009-ல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் அப்படி ஒன்று.

வாசகர் யாராவது மரபு என்று வாதாட வந்தால் வெள்ளிவீதியாரைக் காட்டுங்கள், போதும்.

படி 3: நிறத்தைச் செயலுக்குள் வையுங்கள்

கண்ணாடி முன் நாயகியை நிறுத்தி அவளே தன்னை அளந்து பார்க்கிற பத்தி வேண்டாம். அவள் செய்கிற வேலைக்குள், அவளைப் பார்க்கிறவர் கண்ணுக்குள் நிறம் வரட்டும். ஒரு உதாரணம் தருகிறேன். முதலில் வழக்கமாக வருவது:

'நிலவு முகமும் பால் வண்ண மேனியும் செர்ரி இதழ்களுமாக, தேவதை போல் செக்கிங் டேபிளில் நின்றிருந்தாள் பூங்கொடி.'

இதில் திருப்பூரும் இல்லை, பூங்கொடியும் இல்லை. இப்போது இதைப் பாருங்கள்:

'டியூப் லைட்டுக்குக் கீழே வெள்ளை பனியன்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. பூங்கொடியின் கருத்த விரல்கள் தையல் ஓரமாக ஓடி, பிசிறு இருந்த இடத்தில் மட்டும் நின்றன. ட்ரிம்மர் ஒரு கடி. அடுத்த பீஸ். எதிரில் நோட்டோடு நின்ற முருகேசு கணக்கை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். புறங்கையில் வெளிச்சம் பட்டுப் பட்டு விலகியது. "ஏனுங், எத்தன பீஸுன்னு எழுதீட்டீங்களா?" என்று அவள் கேட்டபோதுதான் பேனா கையில் இருப்பது அவனுக்கு நினைவு வந்தது.'

இரண்டாவதில் கருப்பு என்று ஒரே ஒரு முறைதான் வருகிறது, ஆனால் படிப்பவர் அவளை வேறு நிறத்தில் கற்பனை செய்ய முடியாது, ஏனென்றால் வெள்ளைத் துணி பக்கத்திலேயே இருக்கிறது. முருகேசு பார்ப்பதும் அந்த நிறத்தோடு சேர்த்துத்தான். இப்படி முதல் இரண்டு பக்கத்துக்குள் ஒன்று, ஐந்தாறு அத்தியாயத்துக்கு ஒரு தரம் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சேலையின் வாடாமல்லி நிறம் அவள் கழுத்துக்கு எப்படி எடுப்பாக இருக்கிறது, பவானி ஆற்றில் குளித்துவிட்டு ஏறும்போது தோளில் வெயில் எப்படி விழுகிறது, இப்படி எத்தனையோ இடம் கிடைக்கும்.

தவிர்க்க வேண்டியவை இங்கே மூன்று. 'கருப்பா இருந்தாலும் களையா இருந்தா' என்று எழுதவே எழுதாதீர்கள், அது பாராட்டு மாதிரி வந்து கழுத்தறுக்கிற வரி. தோலைத் தின்பண்டத்தோடு ஒப்பிடாதீர்கள், சாக்லேட் பெண் என்று எழுதினால் அவள் கடிக்கக் கிடைக்கிற பொருளாகிவிடுகிறாள். மூன்றாவது, கொஞ்சம் நுட்பமானது: கருப்புத் தேவதை, கருப்பு வைரம், கருஞ்சிலை என்று ஏற்றி ஏற்றி எழுதுவது. நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள், ஆனால் அவளுக்குப் பல்வலி வரவோ, பஸ்ஸைத் தவறவிடவோ, நாத்தனாரிடம் சள்ளென்று விழவோ அதில் இடமில்லாமல் போய்விடும்.

படி 4: வெட்கம், பயம், காய்ச்சல்

தமிழ்த் தொடர்கதைகளில் கன்னம் சிவப்பதற்குக் கணக்கே கிடையாது. நல்ல கருத்த முகத்தில் வெட்கம் வந்தால் சிவப்பு வெளியே தெரியாது, ஆனால் உள்ளே ரத்தம் ஓடத்தான் செய்கிறது. அதனால் தெரிவதை எழுதாமல் அவள் உணர்வதை எழுதுங்கள். காது மடல் சுடுவது, உள்ளங்கை வேர்ப்பது, சொல்ல வந்த பெயர் தொண்டையில் நிற்பது, பாவாடைக் கரையைக் கால் கட்டைவிரல் மிதித்துக்கொண்டு நிற்பது. இவை எந்த நிறத்துக்கும் பொருந்தும், 'கன்னம் சிவந்தது' என்பதைவிடப் படிக்கவும் நன்றாக இருக்கும்.

சோகத்துக்கு 'முகம் கருத்துப்போச்சு' என்று எழுதுவதும் கை தவறி வருவதுதான். வாடியது, தொங்கிப்போனது, களையிழந்தது என்று எத்தனையோ இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் காட்சி எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல் உதவும். கருத்த தோலில் ரத்தசோகையை முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது, டாக்டர் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். மஞ்சள் காமாலை என்றால் கண்ணின் வெள்ளைப் பகுதி. அடிபட்ட இடம் சிவக்காமல் இன்னும் அடர்ந்து கருநீலமாகும், வீங்கும், தொட்டால் சுடும். கணவன் அடித்ததை அத்தை கண்டுபிடிக்கிற காட்சியில் 'கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது' என்று எழுதினால், உங்கள் கருத்த நாயகி அந்த வரியில் சட்டென்று வேறு ஆளாகிவிடுகிறாள்.

படி 5: யாருக்குக் காதல் கிடைக்கிறது என்று பாருங்கள்

கருத்த நாயகன், சிவந்த நாயகி. இந்த ஜோடி சினிமாவிலிருந்து நேராகத் தொடர்கதைக்கு வந்தது. கோபியும் பொள்ளாச்சியும் பல வருடமாக ஷூட்டிங் நடக்கிற ஊர்கள், வயல்வெளியும் கிராமத்து ஆட்களும் இங்கேயே கிடைத்துவிடுகிறார்கள், நாயகி மட்டும் விமானத்தில் வருகிறாள். ஆணுக்குக் கருப்பு என்றால் மண்ணின் மைந்தன், பெண்ணுக்குக் கருப்பு என்றால் குறை. இரண்டு பேரும் கருப்பாக இருந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை வருத்தம் இல்லாமல் காதலிக்கிற கதையை நீங்கள் கடைசியாக எப்போது படித்தீர்கள்?

நிறத்தால் அவமானப்படுவதை எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம், நடப்பதுதானே. ஆனால் அவமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் கவனம் வேண்டும். பெண் பார்க்கிற தரகர் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

'"பொண்ணு கலரு எப்படீங்க?"

"மாநிறமுங்க."

"போட்டோவுல கொஞ்சம் கம்மியாத் தெரியுதுங்களே."

"அது வெயில்ல எடுத்ததுங்கண்ணா, வெளுத்த பொண்ணுதானுங்க" என்றாள் அம்மா. உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவளுக்குத் தண்ணீரை நிறுத்தத் தோன்றவில்லை.'

தரகர் கேட்பது வலிக்காது, அவர் யாரோ. அம்மா சொல்கிற அந்தப் பொய்தான் வலிக்கும், அதுவும் பாசத்தில் சொல்கிற பொய். கதை அங்கே நிற்க வேண்டும். அடுத்த அத்தியாயத்தில் பியூட்டி பார்லர், அதற்கடுத்த அத்தியாயத்தில் ஊரே வாயைப் பிளப்பது என்று போனால் தரகர் சொன்னது சரிதான் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். மாறவேண்டியது அவள் முகமல்ல, அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது.

நகைச்சுவைக்காக நிறத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் அங்கவை, சங்கவை என்ற பெயரில் இரண்டு பெண்களுக்குக் கருப்புப் பூசி நிறுத்திச் சிரிக்கவைத்தார்கள். பாரி வள்ளலின் மகள்கள் என்று நாம் படித்த பெயர்கள் அவை. தியேட்டரில் எல்லோரும் சிரித்த அந்த நேரத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த கருத்த பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

படி 6: வெளியிலிருந்து வந்தவர்களை எழுதும்போது

திருப்பூரில் நைஜீரியாவிலிருந்து வந்து பனியன் வாங்கி ஏற்றுமதி செய்கிற வியாபாரிகள் பல வருடமாக இருக்கிறார்கள். நம் கதைகளில் அவர்கள் வந்தால் போதைப்பொருள் விற்பவராகவோ, இருட்டில் நாயகியைப் பயமுறுத்துகிறவராகவோதான் வருகிறார்கள். லாட் விலை பேசுகிறவராக, ஷிப்பிங் தாமதத்துக்குக் கத்துகிறவராக, பேக்கரியில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிறவராக எழுதிப் பாருங்கள். அவருக்குப் பெயர் வையுங்கள், நைஜீரியாவில் இக்போ, யொரூபா, ஹௌசா என்று இனங்கள் பல, பெயர்கள் அதைப் பொறுத்து மாறும், அதை விசாரித்து வையுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களுக்கும் இதே கதைதான். எல்லோரையும் 'வடக்கன்' என்ற ஒரு சொல்லில் அள்ளிப்போடுவதைப் பாத்திரம் செய்யலாம், ஆசிரியர் செய்யக் கூடாது. அசாம் பக்கத்துப் பெண்ணுக்கு முக அமைப்பை வைத்து என்ன பெயர் சூட்டுகிறார்கள் என்பது நமக்கே தெரியும், அதைக் காட்டினால் அவள் எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்பதையும் காட்டுங்கள்.

மலைமக்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், இரவாளர் இருக்கிறார்கள், சத்தியமங்கலம் மலையில் ஊராளி, சோளகர். வெள்ளைக்காரன் காலத்தில் இவர்களையெல்லாம் 'இனம்' பிரிப்பதற்காகத் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சமூக மதிப்புக்கும் தொடர்பு உண்டு என்றே வாதாடினார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அந்த அளவுகள் அச்சாகின. அறிவியல் அந்தக் கணக்கை எப்போதோ தூக்கிப்போட்டுவிட்டது, ஆனால் 'சப்பை மூக்கு, தடித்த உதடு, சுருட்டை முடி' என்று காட்டுவாசிப் பாத்திரத்தை அறிமுகப்படுத்துகிற பழக்கம் அந்த அளவுகோலிலிருந்து இன்னும் இறங்கவில்லை. மூக்கைப் பற்றி எழுத ஆசை என்றால் மூக்குத்தியைப் பற்றி எழுதுங்கள்.

வெள்ளைக்காரர் வந்தால் எப்போதும் பணக்காரர், எப்போதும் அழகு என்பதும் இதன் மறுபக்கம்தான்.

படி 7: அட்டைப்படம், ஃபேன் ஆர்ட், எடிட்

நீங்கள் எழுத்தில் செய்ததையெல்லாம் ஒரே அட்டைப்படம் கலைத்துவிடும். 2009-ல் ஜஸ்டின் லார்பலெஸ்டியர் எழுதிய 'லயர்' நாவலின் கதைசொல்லி கருப்பினப் பெண், ஆனால் அமெரிக்கப் பதிப்புக்கு முதலில் தயாரான அட்டையில் நீண்ட முடியோடு ஒரு வெள்ளைப் பெண் இருந்தாள். எழுத்தாளரே எதிர்த்தார், வாசகர்களும் எதிர்த்தார்கள், அட்டையை மாற்றினார்கள். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968-லேயே தன் 'எர்த்ஸீ' கதையின் நாயகனைச் செம்பழுப்பு நிறத்தவன் என்று எழுதினார், 2004 தொலைக்காட்சித் தொடர் அவனை வெள்ளையனாக்கியது, அவர் வெளிப்படையாக எழுதிக் கண்டித்தார். எழுத்தாளர் சண்டை போட்டால்தான் இது மாறுகிறது, நீங்களும் போடுங்கள். கூகுளில் எடுத்த கொரிய நடிகர், மும்பை மாடல் படங்களைப் பூங்கொடிக்கு ஒட்டாதீர்கள்.

ஏஐ படம் செய்கிறவர்கள் 'அழகான தமிழ்ப் பெண்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் வெளுத்த, கூர்மூக்கு முகம்தான் வரும். அடர் பழுப்புத் தோல், அகன்ற மூக்கு, தெரு வெயில், வயது, தொழில் எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள், வெளுத்து வந்தால் திருப்பி அனுப்புங்கள். இயந்திரங்கள் பார்த்துப் பழகிய படங்களிலேயே கோளாறு இருக்கிறது. 2018-ல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செய்த ஆய்வில், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் கருத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின, வெளுத்த ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதற்கும் முன்னால் கோடாக் ஃபிலிம் காலத்திலேயே, லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைப் பெண் படம் உள்ள அட்டையைத்தான் வைத்திருந்தார்கள். அடர் நிறங்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்த பிறகுதான் ஃபிலிமைத் திருத்த ஆரம்பித்தார்கள்.

வரைகிறவர்களுக்கு: கருத்த தோலுக்கு நிழல் போட வெறும் கருப்பைக் கலக்காதீர்கள், தோல் சாம்பல் பூத்துவிடும். கருஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம், அடர் பழுப்பு என்று இறங்குங்கள். மூக்கு நுனி, கன்ன மேடு, கீழுதடு, தோள்பட்டை ஆகிய இடங்களில் வெளிச்சம் வெளுத்த தோலைவிடக் கூர்மையாகத் தெரியும், காலை வெயிலில் பொன்னிறமாக, டியூப் லைட்டில் நீலமாக. அந்த இடத்தில் தைரியமாக வையுங்கள். தோல் நிறத்துக்குப் பத்துப் படிகள் கொண்ட மங்க் அளவுகோல் (Monk Skin Tone Scale) 2022-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாத்திரத்துக்கு ஒரு படியைத் தீர்மானித்து எழுதிவைத்தால், பத்தாவது படத்தில் நிறம் நழுவாது.

எடிட் செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் பழகுங்கள். சீர் ஃபிளக்ஸானாலும் ரசிகர் மன்ற ஃபிளக்ஸானாலும் டிசைனர் முதலில் முகத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டும் 'கர்வ்ஸ்' கருவியில் மேலே இழுப்பார், கையும் கழுத்தும் பழைய நிறத்திலேயே நிற்கும், ஊர் முழுக்க அப்படித்தான் தொங்குகிறது. முகத்தை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழுப் படத்துக்கும் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். ஃபில்டரில் வெளுப்பாக்குகிற ஸ்லைடரைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

படி 8: மற்றவர் பாத்திரத்தை எடுத்து எழுதும்போது, அப்புறம் கமெண்ட்

ஃபேன் ஃபிக்ஷனில் மூலக்கதை நிறத்தைச் சொல்லாத பாத்திரத்தை நீங்கள் கருப்பாக எழுதலாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஹாரி பாட்டர் நாடகத்தில் ஹெர்மயோனியாகக் கருப்பின நடிகை நோமா டுமெஸ்வெனி நடிப்பார் என்று 2015 டிசம்பரில் அறிவித்தபோது பெரிய சண்டை வந்தது, எழுத்தாளர் ரௌலிங்கே தேர்வை ஆதரித்தார், 2016-ல் லண்டனில் நாடகம் அரங்கேறி நன்றாகவே ஓடியது. அதற்கு முன்னாலேயே ரசிகர்கள் ஹெர்மயோனியைக் கருப்பினப் பெண்ணாக வரைந்துகொண்டிருந்தார்கள். ஆனால் மூலத்தில் கருப்பு என்று இருப்பவரை வெளுப்பாக்குவது இதற்குச் சமமானது இல்லை. முதலாவது, இடமே கிடைக்காதவருக்கு இடம் தருகிறது, இரண்டாவது, கிடைத்த ஒரே இடத்தையும் பறிக்கிறது.

உங்கள் கதைக்கும் கமெண்ட் வரும். 'ஹீரோயின் கருப்பா சிஸ்? இமேஜின் பண்ண முடியல' என்று ஒருவர் எழுதுவார். கோபப்பட வேண்டாம், விளக்கக் கட்டுரையும் எழுத வேண்டாம். 'ஆமாங்க, கருப்புதான். அடுத்த எபியும் படிங்க' என்று பதில் போடுங்கள், அந்த எபியில் அவள் நிறம் தெரிகிற ஒரு காட்சியை இன்னும் அழகாக எழுதுங்கள். வசவு போடுகிறவரை நீக்கிவிடுங்கள். சில வாரம் கழித்து இன்னொரு வகைக் கமெண்ட் வர ஆரம்பிக்கும், 'அக்கா, நானும் இந்தக் கலர்தான்' என்று. அதற்கு மட்டும் நேரம் ஒதுக்கி, பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள்.